வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று அழைப்பு: அப்பாவுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

நிலாமுற்றம் கேட்டது:

வணக்கம். போன வாரம் அப்பாவுக்கு ஒரு அழைப்பு. வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி, உங்கள் கணக்குக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள், பணத்தை உடனே நாங்கள் சொல்லும் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றுங்கள், முடியும்வரை வீட்டில் யாரிடமும் பேசாதீர்கள் என்று விடாமல் பேசியிருக்கிறார்கள். முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் அந்த ஆள் சரியாகச் சொன்னதால் அப்பா நம்பிவிட்டார். நான் தற்செயலாக அறைக்குள் போனதால் பணம் போகவில்லை. ஆனால் அவர் இன்னும், ஒருவேளை அது உண்மையான வங்கியாக இருந்திருந்தால் என்றே கேட்கிறார். அந்த விவரங்கள் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தன? போன் அடித்தாலே பயப்படும் நிலைக்கு அவரைக் கொண்டுபோகாமல் எப்படிப் புரியவைப்பது?

கரைமேல்காற்று எழுதியது:

முதலில் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுங்கள். எந்த வங்கியும் வாடிக்கையாளரின் பணத்தை "பாதுகாப்பான கணக்குக்கு" மாற்றச் சொல்லாது. கணக்கில் சிக்கல் என்றால் அதை முடக்கும் வசதி வங்கியிடமே இருக்கிறது, உங்கள் அப்பா எதையும் அனுப்பத் தேவையே இல்லை. இந்த ஒன்றை அவர் பிடித்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும்.

விவரங்களைப் பொறுத்தவரை, ஏதோ ஒரு நிறுவனத்தின் தரவுத்தளம் கசியும்போது பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஒரே கோப்பில் வெளியே போய் விலைக்கு விற்கப்படுகிறது. இணையப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் மின்னஞ்சலைக் கொடுத்தால், அது எந்தெந்தக் கசிவுகளில் சிக்கியிருக்கிறது என்று இலவசமாகக் காட்டும். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அதைக் காட்டுங்கள். தன்னைப் பற்றி ஒருவனுக்குத் தெரிந்திருப்பதால் அவன் வங்கிக்காரன் ஆகிவிட மாட்டான் என்பது அப்போது தானாகவே புரியும். திரையில் வங்கியின் பெயரோ எண்ணோ தெரிந்தாலும் நம்ப வேண்டாம், அதையும் போலியாகக் காட்ட முடியும்.

அவருக்கு ஒரே ஒரு பழக்கம் போதும். யார் அழைத்தாலும் சரி, "நானே திரும்ப அழைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவது. அப்புறம் அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அவரே அழைப்பது. உண்மையான வங்கி இதற்குக் கோபப்படாது. வைக்காதீர்கள், நேரமில்லை, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எவன் சொன்னாலும் அவன் திருடன்தான்.

பச்சைப்பூட்டு எழுதியது:

அழைப்போடு நிற்காது, அடுத்து லிங்க் வரும், அதனால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று முன்பு எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தோம். இப்போது அது தவறான அறிவுரை. பூட்டுக்கு வேண்டிய சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் மோசடித் தளங்களும் அதை வாங்கி வைத்திருக்கின்றன. குரோம் உலாவியே 2023-ல் அந்தப் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது. முகவரியை வலமிருந்து படிக்கப் பழக வேண்டும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் '.காம்' போன்ற ஒரு முடிவு இருக்கும், அதற்குச் சற்று முன் வரும் பெயர்தான் தளத்தின் சொந்தக்காரர். 'வங்கிபெயர்.உதவிமையம்.காம்' என்றிருந்தால் அது உதவிமையம் என்ற யாரோ ஒருவரின் தளம், வங்கியுடையது அல்ல. சில நாட்டு முகவரிகளில் முடிவு இரண்டு துண்டாக இருக்கும், அங்கே ஒரு சொல் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

கண்ணை மட்டும் நம்பியும் பயனில்லை. 2017-ல் ஓர் ஆய்வாளர் ரஷ்ய மொழி எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்துகளை வைத்து, பார்க்க அப்படியே ஆப்பிள் தளத்தின் முகவரி போலவே தெரியும் ஒன்றைப் பதிவுசெய்து காட்டினார். அதனால்தான் கடவுச்சொற்களைச் சேமித்து வைத்து நிரப்பித் தரும் பாஸ்வேர்ட் மேனேஜர் செயலியைப் பயன்படுத்தச் சொல்கிறேன். போலித் தளத்தில் அது கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது, அந்த மௌனமே ஓர் எச்சரிக்கை. ஓடிபி நல்லதுதான், கூகுள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் எஸ்எம்எஸ் குறியீடு பலருக்கும் மொத்தமாக வீசப்படும் ஃபிஷிங்கில் (போலிப் பக்கம் காட்டி விவரங்களைத் திருடுவது) 96 சதவீதத்தைத் தடுத்தது, ஆனால் ஒருவரைக் குறிவைத்து நடத்தும் தாக்குதல்களில் 76 சதவீதத்தைத்தான் தடுத்தது. காரணம், போலிப் பக்கத்தில் நீங்கள் குறியீட்டைத் தட்டிய அடுத்த நொடியே அதை அவர்கள் உண்மையான தளத்தில் போட்டுவிடலாம். கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் போனின் கைரேகை அல்லது பூட்டைக் கொண்டு உள்நுழையும் பாஸ்கீ, தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது, வேறு தளத்தில் வேலை செய்யாது. வசதி இருக்கும் கணக்குகளில் அதைப் போட்டுக்கொடுங்கள், முதலில் மின்னஞ்சலுக்கு. அது திருடன் கையில் சிக்கினால், மற்ற பெரும்பாலான கணக்குகளின் கடவுச்சொல்லையும் அவன் மாற்றிவிடலாம்.

மழைக்கால_வாசகி எழுதியது:

தயவுசெய்து அப்பாவைத் திட்டாதீர்கள், யாரையும் திட்டவிடாதீர்கள். என் நெருங்கிய உறவினர் ஒருவர் பணத்தை இழந்த பிறகு பல நாள் வாயே திறக்கவில்லை, ஏமாளி என்பார்களோ என்ற பயம்தான். பணம் அனுப்பிய உடனே வங்கிக்குச் சொன்னால் சில நேரம் நிறுத்திவிடலாம், தாமதமாக ஆக அது பல கணக்குகளுக்குச் சிதறிப்போகும். வீட்டில் பயமில்லாமல் சொல்லலாம் என்ற நிலை எந்தச் செயலியைவிடவும் முக்கியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று பிறகு ஒரு கூட்டம் வரும். அவர்களில் பலர் முதலில் ஏமாற்றியவர்களேதான், அல்லது அவர்களிடமிருந்து பட்டியலை வாங்கியவர்கள்.

அழைப்பது நம்மவர்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள, குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். சில நொடிக் குரல் பதிவு இருந்தாலே செயற்கை நுண்ணறிவால் உங்கள் குரலில் "அப்பா, விபத்தாகிவிட்டது" என்று பேசவைக்க முடிகிறது. 2024-ல் ஹாங்காங்கில் ஒரு நிறுவனத்தின் நிதிப்பிரிவு ஊழியர் காணொளிக் கூட்டத்தில் தன் மேலதிகாரிகளையே பார்த்துப் பேசியதாக நம்பி, சுமார் 2.5 கோடி அமெரிக்க டாலரை அனுப்பிவிட்டார். கூட்டத்தில் இருந்த மற்ற எல்லோரும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய போலி உருவங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, கசிவுப் பட்டியலைப் பார்த்ததும்தான் அப்பா முகமே மாறியது. இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். உதவி செய்வதாகச் சொல்லி ஏதோ ஒரு செயலியையும் நிறுவச் சொல்லியிருக்கிறான், அது போனில் இன்னும் இருக்கிறது.

பச்சைப்பூட்டு எழுதியது:

அதை இப்போதே கவனியுங்கள். திரையை அவர்கள் பார்க்கும் செயலியாக இருக்கலாம், வரும் ஓடிபி உட்பட. முதலில் வைஃபை, டேட்டா இரண்டையும் அணைத்துவிட்டு செயலியை நீக்குங்கள். நீக்கவிடவில்லை என்றால் அமைப்புகளில் அணுகல்தன்மை அனுமதியும் நிர்வாகி அனுமதியும் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள், அவற்றை எடுத்த பிறகுதான் பெரும்பாலும் போகும். அப்புறம் வேறொரு சாதனத்திலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள், மின்னஞ்சலில் தெரியாத சாதனம் எதுவும் உள்நுழைந்திருக்கிறதா, கடிதங்களை வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஏதாவது புதிதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வங்கிக்கும் இன்றே சொல்லிவிடுங்கள். இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் படங்களையும் தொடர்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு போனை ஃபேக்டரி ரீசெட் செய்வதுதான் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்குவது) நல்லது.