அருவ மரபா, பயில்மரபா?

யுனெஸ்கோ ‘intangible cultural heritage’ என்று சொல்வதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது ஒருவர் இப்படிக் கேட்டார்:

> ‘அருவப் பண்பாட்டு மரபு’ என்றே வைத்துக்கொள்வோமே. ஜப்பானியர் 1950ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ‘உருவமற்ற’ என்றுதானே வைத்தார்கள்?

ஐயா, ஜப்பானியச் சொல் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். ‘முகெய்’ என்றால் உருவமில்லாதது. ஆனால் தமிழில் அருவம் என்றதும் இறைவனின் உருவமற்ற நிலையைப் பேசும் சைவ சித்தாந்த வகுப்புதான் நினைவுக்கு வருகிறது.

கேரளக் கோயில்களின் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தைப் பாருங்கள். யுனெஸ்கோ 2001இல் அறிவித்து, 2008இல் பட்டியலில் சேர்த்த கலை. விளக்குக்கு முன்னால், நடிகரான சாக்கியார் புருவத்தை மட்டும் அசைக்கிறார். அவருக்குப் பின்னால் மரச்சட்டத்துக்குள் மிழாவு, வாயில் தோல் கட்டிய செம்புக் குடம். (நம் முழவுக்குச் சொந்தம்தான்.) சட்டத்தின் மேல் உட்கார்ந்து, அதை வாசிக்கும் நம்பியார் வெறுங்கையால் தட்டுகிறார். இதில் அருவம் எது? ‘தொட்டறியா மரபு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தொடாமல் மிழாவு பேசாதே!

யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையும் கருவிகளையும் இடங்களையும் இந்த மரபுக்குள்ளேயே சேர்க்கிறது. அது அழுத்திச் சொல்வது, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி, ஒவ்வொரு முறையும் புதிதாக ஆக்கப்படுவதைத்தான். அதனால் என் பரிந்துரை ‘பயில்மரபு’. வினைத்தொகை என்பதால் பயின்ற, பயில்கின்ற, பயிலும் மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஊறுகாய் மாதிரிதான்.

‘பயில்’ என்றால் பள்ளிக்கூட வாடை அடிக்கிறது என்பீர்கள். பயிற்சி, பயிலரங்கம் எல்லாம் அந்த வாடைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘இப்பாடலில் எதுகை பயின்று வந்துள்ளது’ என்று எழுதாமல் தமிழ்த் தேர்வு முடித்தவர் உண்டா? அங்கே யாரும் எதுகைக்குப் பாடம் நடத்தவில்லை. அது திரும்பத் திரும்ப வருகிறது, அவ்வளவுதான். வாசலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கோலப்புள்ளி வைத்துப் பழகுவதற்கும் இந்தப் பொருள் தாராளமாகப் பொருந்தும்.

அடுத்தது, உடன்படிக்கையின் ‘safeguarding’ என்பதற்குச் சொல்லும் ‘பாதுகாப்பு’. அதைக் கேட்டதும் எனக்குப் பூட்டுத்தான் தெரிகிறது. கூடியாட்டத்தைக் கோயிலின் அரங்கமான கூத்தம்பலத்துக்குள்ளேயே காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பைங்குளம் ராமச் சாக்கியார் போன்ற கலைஞர்கள் அதைக் கோயிலுக்கு வெளியே ஆடினார்கள். 1965 முதல் கேரள கலாமண்டலம் என்ற கலைப்பள்ளியில் வெளியாருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஆவணமாக்குவது, கற்றுக்கொடுப்பது, நலிந்ததை மீட்பது எல்லாம் சேர்ந்த இந்த வேலைக்குப் ‘பேணல்’ போதும். பிள்ளையைப் பேணுகிறோம், பூட்டி வைப்பதில்லையே.

ஆக, ‘பயில்மரபு பேணல்’. முன்னால் ‘பண்பாட்டு’ வேண்டும் என்பவர்கள் உடன்படிக்கையின் முழுப்பெயரில் மட்டும் போட்டுக்கொள்ளட்டும். அட்டவணைத் தலைப்பு மாதிரிச் சின்ன இடத்தில் அது அடங்காது.