எட்டாம் வகுப்பில் என்.சி.சி. பற்றிப் பேசப் போகிறேன்: எதைச் சொல்வது, எதை விடுவது?

கேள்வி: அறிவியல் ஆசிரியை

வணக்கம். எங்கள் பள்ளியின் இளநிலைப் பிரிவு என்.சி.சி.க்கு (தேசிய மாணவர் படை) நான் ஏ.என்.ஓ. (அதை நடத்தும் பொறுப்பாசிரியர்) ஆகி இது இரண்டாம் ஆண்டு. குவாலியரில் பயிற்சி முடித்து வந்த வேகத்தில், சென்ற ஜூனில் எட்டாம் வகுப்பு மொத்தத்தையும் அரங்கில் உட்காரவைத்து 40 நிமிடம் பேசினேன். 1948-இல் தொடங்கியது, ‘ஒற்றுமையும் ஒழுக்கமும்’ என்ற குறிக்கோள், தரை, கடல், வான் என்று மூன்று பிரிவுகள், துப்பாக்கி சுடுதல், டெல்லியில் குடியரசு நாள் அணிவகுப்பு. ஒன்றையும் விடவில்லை. 63 பேர் பெயர் கொடுத்தார்கள். பெற்றோர் கையெழுத்துடன் படிவம் வந்தது 31 பேரிடமிருந்து. ஆகஸ்டு முடிவதற்குள் அவர்களில் 11 பேர் பரேடுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

நின்றுவிட்ட ஒரு மாணவியிடம் காரணம் கேட்டேன். “மிஸ், நீங்கள் சுடலாம், முகாம் போகலாம் என்றீர்கள். இரண்டு மாதமாகச் சாவ்தான், விஷ்ராம் மட்டும்தான் செய்கிறோம்” என்றாள். விறைப்பாக நிற்பது, தளர்ந்து நிற்பது, அவ்வளவுதான். அவள் சொன்னதில் பொய்யே இல்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. அடுத்த வாரம் மறுபடியும் பேச வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஏ.என்.ஓ.

அம்மா, முதலில் அந்த அரங்கை விட்டுவிடுங்கள். 200 பிள்ளைகள் கூடிய இடத்தில் பக்கத்தில் இருப்பவன் கை தூக்கினால் இவனும் தூக்குவான். ஒவ்வொரு வகுப்பாகப் போங்கள், 15 நிமிடம் போதும். நீங்கள் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இரண்டாம் ஆண்டு கேடட் (என்.சி.சி. மாணவர்) ஒருவரைப் பேசவிடுங்கள். குரல் கணீரென்று ஒலிக்கும் சார்ஜென்ட்டை நான் அனுப்பியதில்லை. அவனைப் பார்த்தால் ‘இது நமக்கு வராது’ என்றுதான் மற்றவர்களுக்குத் தோன்றும். திணறி எழுந்துவந்த பிள்ளையை அனுப்புங்கள்.

என்னிடம் ஒரு பையன் இருந்தான். நடக்கச் சொன்னால் இடது காலோடு இடது கையும் சேர்ந்து போகும். பதற்றத்தில் பலருக்கும் வருவதுதான். அவனுக்கு மட்டும் ஒன்றரை மாதம் தீரவில்லை. மறு ஆண்டு அவனையே ஒரு வகுப்புக்கு அழைத்துப் போனேன். முதலில் தான் எப்படி நடந்தேன் என்று நடந்து காட்டினான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு கதவருகே போய் நின்று, தனக்குத் தானே “தேஜ் சல்” (விரைந்து நட) என்று கட்டளை கொடுத்துக்கொண்டு கரும்பலகை வரை வந்தான். “தம்” (நில்) என்றதும் கால் ஒரே ஓசையில் நின்றது. அப்போது அந்த அறையில் விழுந்த அமைதியை நான் மறக்கவில்லை. அன்று 9 பேர்தான் பெயர் கொடுத்தார்கள். 9 பேரும் இரண்டு ஆண்டையும் முடித்தார்கள்.

அந்த மாணவி உங்களிடம் சொன்னதை நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்: “முதல் சில மாதம் பெரும்பாலும் ட்ரில்தான். வெயிலில் நிற்க வேண்டும். இரண்டு ஆண்டிலும் 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் இளநிலைப் பிரிவுக்கான ஏ சான்றிதழ்த் தேர்வு எழுத முடியாது.” கேட்டுவிட்டும் கை தூக்குகிற பிள்ளை உங்களுடன் இருக்கும்.

பதில்: ஒரு கேடட்டின் தாய்

கையெழுத்து போடாத 32 பெற்றோரைப் பற்றியும் யோசியுங்கள் டீச்சர். நானும் ஒரு மாதம் மறுத்தவள்தான். சேர்ந்தால் மகளை இராணுவத்துக்கு அழைத்துவிடுவார்கள் என்று உண்மையாகவே நம்பினேன். கேடட் என்ற காரணத்துக்காக மட்டும் யாரையும் படைப் பணிக்கு அழைக்க முடியாது என்று என்.சி.சி. சட்டத்திலேயே இருக்கிறதாம். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் வீட்டில் அத்தனை சண்டை வந்திருக்காது. பெற்றோரையும் ஒரு மாலை கூப்பிடுங்கள். பத்து நாள் முகாமில் பெண் பிள்ளைகளுடன் யார் தங்குகிறார்கள், வீட்டுக்கு எப்போது பேசலாம், மாதவிடாய் நாளில் பரேடு உண்டா? எங்களுக்கு வேண்டியது இவைதான். இந்தக் கடைசிக் கேள்வியைப் பிள்ளைகள் ஆசிரியர்கள் முன்னால் கேட்கவே மாட்டார்கள். பெண் கேடட் ஒருத்தியிடம் தனியாகக் கேட்க வழி செய்துகொடுங்கள்.

பதில்: முன்னாள் கேடட், சி சான்றிதழ்

சான்றிதழைப் பற்றிக் கூட்டிச் சொல்லாதீர்கள், மிஸ். “என்.சி.சி. இருந்தால் தேர்வே எழுதாமல் அதிகாரி ஆகலாம்” என்று எங்கள் பள்ளியில் ஒருவர் பேசிவிட்டுப் போனார். எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலுக்குப் போகும் வழி சி சான்றிதழுக்குத்தான். அதுவும் கல்லூரியில் மூத்த பிரிவில் வாங்குவது, பட்டமும் வேண்டும். ஏ சான்றிதழை நம்பி என் நண்பர்கள் இரண்டு பேர் பிற்பாடு மனம் உடைந்ததை நான் பார்த்தேன்.

அறிவியல் ஆசிரியை

ஐயா, மிக்க நன்றி. அம்மா, தாய் ஒருவராக நீங்கள் எழுதியதைத் தலைமை ஆசிரியரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமை மாலை பெற்றோருக்கு என்று ஒதுக்கித் தந்துவிட்டார். தம்பி, சான்றிதழ் பற்றிய வரிகளை என் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

வகுப்பில் பேச இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியைக் கேட்டேன். அதிகம் பேசாத பெண். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, “முகாமில் முதல் இரவு அழுதேன், அதைச் சொல்லலாமா மிஸ்?” என்றாள். சொல், அதிலிருந்தே தொடங்கு என்றேன்.