கறவை மிஷின் போட்டதிலிருந்து மடிநோய் ஓயல, எஸ்என்எஃப்பும் இறங்குது: மிஷினா, தீவனமா?

பொங்கலூர்_கறவை (கேள்வி)

வணக்கமுங்க. கறவையில ஒன்பது மாடு. ஜெர்சி கலப்பு ஆறு, ஹெச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மூணு. கறக்க ஆள் கிடைக்காம ஒத்தை பக்கெட் மிஷின் வாங்கிப் போட்டோம், ஒரே கிளஸ்டர்தான் (மடியில மாட்டற நாலு கப் தொகுதி). அதுக்கப்பறம் மடிநோய் மாறி மாறி வருதுங்க. ஒண்ணுக்கு ஆறினா அடுத்ததுக்கு வந்துருது. முதல் பீச்சுல பால் திரிதிரியா வருது, மடி ஒரு பக்கம் கல்லாட்டம் இறுகிக்குது. ஊசி போட்டா நாலு நாள்ல சரியாகுது, ஒரு மாசத்துல அதே காம்புல திரும்புது.

சொசைட்டியில எஸ்என்எஃப் (பால்ல கொழுப்பு போக மிச்ச திடச்சத்து, சதவீதத்துல) 8.4 வந்துட்டிருந்தது, இப்ப 7.9, 8.0-ன்னு நிக்குது. தீவனம் மாத்தல: கோ-5 புல், கொஞ்சம் மக்காச்சோளத்தட்டு, கம்பெனி அடர்தீவனம், தேங்காய்ப் புண்ணாக்கு. பக்கத்துல சிலர் மிஷினே ஆகாது, கைக்கறவைக்குத் திரும்புங்கங்கறாங்க. சிலர் பருத்திக்கொட்டை ஆட்டி வெச்சா எஸ்என்எஃப் ஏறும்ங்கறாங்க. எதை முதல்ல பாக்கறது?

பெருந்துறை_தீவனம்

ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க. தீவனக் குறையா இருந்தா அனேகமா எல்லா மாட்டுக்கும் சேர்ந்தாப்புல எஸ்என்எஃப் இறங்கும். நோயா இருந்தா ரெண்டு மூணு மாட்டுல மட்டும் பலமா இறங்கி, கேன்ல கலக்கறப்ப மொத்தத்தையும் இழுத்துடும். அதனால ஒரு நாள் காலைக் கறவையில ஒவ்வொரு மாட்டுப் பாலையும் தனித்தனி பாட்டில்ல எடுத்து, பேர் எழுதி, சொசைட்டியில டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. லேக்டோமீட்டர்ல பாக்கறதா இருந்தா கறந்த சூட்டோட போடாதீங்க, ஆறட்டும். சூடான, நுரை அடங்காத பால்ல அளவு குறைச்சுத்தான் காட்டும்.

பருத்திக்கொட்டை கொழுப்பைக் கொஞ்சம் தூக்கும், எஸ்என்எஃப்புக்கு அது மருந்து இல்லீங்க. எஸ்என்எஃப் வேணும்னா மாட்டுக்குச் சத்து, அதுவும் மாவுச்சத்து, பத்தணும். உடம்பு பராமரிப்புக்கு ஒன்றரை ரெண்டு கிலோ அடர்தீவனம், அதுக்கு மேல ஒவ்வொரு ரெண்டரை மூணு லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. பன்னெண்டு லிட்டர் மாட்டுக்கு நாலு கிலோவோட நிறுத்தினா பத்தாது. மக்காச்சோள மாவு ஒரு கிலோ சேர்த்தா ரெண்டு வாரத்துல வித்தியாசம் தெரியும். ஒரே நாள்ல ஏத்தாதீங்க, வயிறு புளிச்சு தீவனத்தை ஒதுக்கிரும். தாது உப்புக் கலவை தினம் 50 கிராம், கல்லுப்பு 30 கிராம். கோ-5 இளசா அறுத்துப் போட்டா தண்ணிதான் ஜாஸ்தி, நார் கம்மி. சோளத்தட்டோ மக்காச்சோளத்தட்டோ நாலஞ்சு கிலோவாவது உள்ள போகணும்.

கொடுமுடி_மிஷின்

தீவனத்தைப் பெருந்துறைக்காரர் சொல்லிட்டாரு. மிஷினுக்கு வாரேன். மிஷினால நோய் வர்றதில்லைங்க, மிஷின் கெட்ட நிலையில ஓடறதால வருது. வரிசையாப் பாருங்க.

வேக்குவம் கேஜ் (மிஷினோட இழுப்பைக் காட்டற மானி) எவ்வளவு காட்டுது? பக்கெட் மிஷின்ல பசுமாட்டுக்கு 12.5-ல இருந்து 13.5 இஞ்ச், கிலோபாஸ்கல்ல 42-ல இருந்து 46 இருந்தாப் போதும். கூட வெச்சா சீக்கிரம் கறக்கும்னு பலர் ரெகுலேட்டரை முறுக்கி 15-க்கு மேல ஓட்டறாங்க. காம்பு நுனியில ஒரு சுருக்குத் தசை இருக்கு, கிருமி உள்ள போகாம கதவாட்டம் அடைச்சு வெக்கறது அதுதான். அதிக இழுப்புல அந்த நுனி சொரசொரன்னு பூப்பூத்த மாதிரி வெளிய தள்ளிரும். அப்பறம் அது சரியா மூடாது.

கிளஸ்டரைக் கழட்டினதும் காம்பைப் பாருங்க. நீலம் பூத்திருந்தாலோ நுனி தட்டையா நசுங்கியிருந்தாலோ வேக்குவம் கூட இருக்கு, இல்லன்னா பல்சேட்டர் (காம்பை மாறி மாறிப் பிடிச்சு விட வெக்கற பாகம்) வேலை செய்யல. காம்பு அடியில வளையம் பதிஞ்சிருந்தா லைனர் (கப்புக்குள்ள காம்பு நுழையற ரப்பர்) வாய் அளவு சரியில்ல, இல்லன்னா பால் தீர்ந்த பிறகும் மிஷின் ஓடியிருக்கு.

பல்சேட்டரைச் சோதிக்க, மிஷினை ஓட விட்டு லைனருக்குள்ள கட்டை விரலை விடுங்க. மத்த மூணு கப்பும் மூடியிருக்கணும். நிமிஷத்துக்கு 60 தடவை விரலைப் பிடிச்சு விடணும். நாலு கப்லயும் ஒரே மாதிரி இருக்கணும். பிடி இல்லாம இழுத்துக்கிட்டே இருந்தா பல்சேட்டர் அடைச்சிருக்கு, இல்ல சின்ன டியூப்ல விரிசல். நம்ம பக்கம் தட்டு வெட்டற மிஷினும் கறவை மிஷினும் ஒரே சாளையில இருக்கறதால தூசி போய் பல்சேட்டர் காத்து வாயை அடைக்கறது ரொம்ப சகஜம். கிளாவுல (நாலு கப் பாலும் வந்து சேர்ற நடுக்கிண்ணம்) குண்டூசி முனை அளவு ஒரு காத்து ஓட்டை இருக்கும், அது அடைச்சாலும் பால் கீழ இறங்காம காம்பைச் சுத்தித் தேங்கி நிக்கும். மெல்லிசான கம்பியில குத்தி எடுங்க, ஓட்டையைப் பெருசு பண்ணிடாதீங்க.

லைனர் ரப்பர் எப்ப மாத்துனீங்க? சாதா ரப்பருக்கு ஆயுசு 2500 கறவை. மாடு கணக்கு அது, நாள் கணக்கு இல்ல. உங்களுக்கு ஒரே கிளஸ்டர், ஒன்பது மாடு, ரெண்டு வேளை: ஒரு நாளைக்கு 18. அப்படின்னா நாலரை மாசத்துல முடிஞ்சுது. ரப்பர் உள்ள வெடிப்பு விட்டா அதுல கிருமி தங்கி, மாட்டுக்கு மாடு இதுவே கொண்டு போய்ச் சேர்க்கும். தொளதொளன்னு ஆயிட்டா நடுவுல நழுவும், சர்ருன்னு காத்து இழுக்கற சத்தம் கேக்கும். அந்தச் சத்தம்தான் ஆபத்து. ஒரு கப்ல காத்து புகுந்தா, கிளாவுல இருக்கற பால் துளி வேகமாத் திரும்பி மத்த காம்பு நுனியில மோதி, கிருமியை உள்ள தள்ளிடும்.

கைக்கறவைப் பழக்கத்துல காம்புக்கு விளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய் தடவறீங்களா? அதை உடனே விடுங்க. எண்ணெய் பட்டா லைனர் நழுவும், ரப்பரும் ஊறி உப்பிப் போகும்.

பொங்கலூர்_கறவை

பாத்துட்டேனுங்க. கேஜ் 15.5 இஞ்ச். லைனர் மிஷினோட வந்ததுதான், எட்டு மாசம் ஆச்சு. ரெண்டுல உள்பக்கம் கீறல் தெரியுது. தேங்காயெண்ணெய் தடவிட்டுத்தான் இருந்தோம். பல்சேட்டர் 60 வருது. சுத்தம் பண்றது கறந்து முடிச்சதும் கொதிக்கற தண்ணி ஊத்தி, சோப்புத்தூள் போட்டு. போர்த்தண்ணி, கொஞ்சம் சப்பைத்தண்ணி (உப்புத்தண்ணி).

கொடுமுடி_மிஷின்

நாலு லைனரையும் சேர்த்தே மாத்துங்க. ஒண்ணு புதுசு மூணு பழசுன்னா இழுப்பு சமமா இருக்காது. ரெகுலேட்டரை 13-க்கு இறக்குங்க. இறக்கினதும் கறவை ஒரு நிமிஷம் கூட ஆகும், பயப்பட வேண்டாம். கேஜே தப்பாக் காட்டலாம், அதனால சர்வீஸ்காரர் வர்றப்ப வேற கேஜ் வெச்சு ஒத்துப் பாக்கச் சொல்லுங்க. பெல்ட் தொய்வு, பம்ப் எண்ணெய் சொட்டு ரெண்டையும் அப்பவே பாத்துடலாம். எண்ணெய் இல்லாம ஓடினா பம்ப் வேன் தேய்ஞ்சு வேக்குவம் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். சாயங்காலம் கரண்ட் வோல்டேஜ் இறங்கறப்பவும் அப்படித்தான், அதனால கறக்கற நேரத்துல கேஜை ஒரு பார்வை பாக்கற பழக்கம் வேணும்.

கழுவறதுதான் பெரிய கோளாறு. முதல்லயே கொதிக்கற தண்ணி ஊத்தினா பால்ல இருக்கற புரதம் வெந்து ரப்பர்ல ஒட்டிக்கும். முதல் தண்ணி வெதுவெதுப்பா, பாலோட சூடு இருந்தாப் போதும், வெளிய வர்ற தண்ணி தெளியற வரைக்கும் அலசணும். அதுக்கப்பறந்தான் 60-70 டிகிரி சூட்டுல மிஷின் கழுவற காரப் பொடி. துணி துவைக்கற சோப்புத்தூள் நுரை கட்டும், பல்சேட்டருக்குள்ளயும் போயிரும். கடைசியா நல்ல தண்ணி அலசல், கிளஸ்டரைத் தலைகீழாத் தொங்க விட்டு உலர்த்தணும். சப்பைத்தண்ணிங்கறதால பால்கல் (பாலும் தண்ணி உப்பும் சேர்ந்து இறுகின படிவு) படியும். கறவை மிஷினுக்குன்னு விக்கற ஆசிட் திரவத்துல வாரத்துக்கு ரெண்டு தடவை. காரப் பொடியையும் ஆசிட்டையும் ஒண்ணாக் கலக்கவே கூடாது.

கோபி_கால்நடை_மருத்துவர்

மிஷின் விஷயத்துல மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா லைனர் மாத்தினதும் நோய் நின்னுடும்னு எதிர்பாக்காதீங்க. ஏற்கெனவே மடிக்குள்ள குடியேறின கிருமி அப்படியேதான் இருக்கும். ஒரு மாசத்துல அதே காம்புல திரும்பறது அதனாலதான்.

முதல் வேலை, ஒன்பது மாட்டுக்கும் நாலு காம்பையும் தனித்தனியாச் சோதிக்கறது. சிஎம்டி (கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை) கிட் மருந்துக்கடையில கிடைக்கும். நாலு குழித் தட்டுல ஒவ்வொரு காம்புப் பாலும் திரவமும் சம அளவு விட்டு, 10-15 நொடி சுத்துங்க. தண்ணியாவே இருந்தா நல்லது; சளி மாதிரி இழுபட்டா மறைநோய், அதாவது வெளிய தெரியாத மடிநோய். கிட் இல்லன்னா 100 மில்லி தண்ணியில 3 கிராம் சோப்புத்தூள் கரைச்சு அதே மாதிரி செய்யலாம், ஓரளவு சொல்லும். சீம்பால் நாள்லயும் வத்தப் போற மாட்டுலயும் தப்பாக் காட்டும், அதை நம்ப வேண்டாம். எஸ்என்எஃப் இறங்கறது பெரும்பாலும் இந்த மறைநோய்க் காம்புகளாலதான் இருக்கும்: அங்க பால்ல இருக்கற சர்க்கரை குறைஞ்சு உப்பு ஏறிடும், கையில நக்கிப் பாத்தா உப்புக் கரிக்கும்.

பிறகு, கறக்கற வரிசையை மாத்துங்க. தலையீத்து மாடு முதல்ல, சுத்தமான மாடு அடுத்து, சிஎம்டியில சிக்கினது கடைசி. ஒத்தைக் கிளஸ்டர் வெச்சிருக்கறவங்களுக்குக் காசு செலவில்லாத வழி இதுதான். திரி வர்ற மாட்டுக்கு மிஷினே போடாம கையில தனிப் பாத்திரத்துல கறந்துடுங்க, கடைசியா, கையைக் கழுவிட்டு.

கறவைக்கு முன்னாடி மடி முழுக்கத் தண்ணி அடிக்காதீங்க. அழுக்குத் தண்ணி வழிஞ்சு லைனருக்குள்ளதான் இறங்கும். காம்பை மட்டும் கழுவி, ஒரு மாட்டுக்கு ஒரு துணி வெச்சு ஈரம் போகத் துடைங்க. மூணு நாலு பீச்சு கறுப்புத் தட்டுல கறந்து பாருங்க, தரையில பீச்சாதீங்க. தொட்டதுல இருந்து ஒரு ஒன்றரை நிமிஷத்துக்குள்ள கிளஸ்டர் ஏறிடணும். அப்பத்தான் சுரப்பு இறங்கற நேரமும் மிஷினும் ஒத்துப் போகும். சுரப்பு அஞ்சேழு நிமிஷந்தான். பால் நின்னதும் வேக்குவத்தை அடைச்சு, ரெண்டு நொடி விட்டு, தானா இறங்க விடுங்க. மிச்சம் கறக்கறேன்னு கிளாவை அழுத்திப் பிடிக்க வேண்டாம்.

கழட்டின உடனே 0.5 சதவீத அயோடின் காம்பு முக்கி மருந்துல காம்பு முழுக்க நனையணும். ஸ்ப்ரே அடிச்சா பின்பக்கம் விட்டுப் போகும், டிப் கப்தான் நல்லது. கறந்ததும் தட்டுத்தீவனம் போட்டு அரை மணி நேரமாவது நிக்க வெச்சுடுங்க. அதுக்குள்ள காம்பு வாய் மூடிக்கும். இதை விட்டுட்டு ஊசிக்குச் செலவு பண்றதைத்தான் நான் அதிகம் பாக்கறேன்.

ஊசி விஷயம். திரும்பத் திரும்ப வர்ற காம்புப் பாலை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, எந்த மருந்து கேக்கும்னு பாத்துட்டுப் போடுங்க. காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சுல துடைச்சு, முதல் பீச்சை விட்டுட்டு, சுத்தமான பாட்டில்ல 5 மில்லி, ஐஸ்ல வெச்சுக் கொண்டு போகணும். மருந்து போடறதுக்கு முன்னாடியே எடுக்கணும். மூணு நாள் கோர்ஸை ரெண்டாம் நாளே பால் தெளிஞ்சுதுன்னு நிறுத்தறது அடுத்த மாச நோய்க்கு நாமே விதை போடற மாதிரி.

தாராபுரம்_கட்டுத்தரை

கற்றாழை மருந்து பத்தி யாரும் சொல்லல. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சத்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைச்சா செவப்பா வரும். ஒரு கைப்பிடி எடுத்து 150-200 மில்லி தண்ணியில கரைச்சு, பாலைச் சுத்தமாக் கறந்துட்டு மடி முழுக்கத் தடவணும், ஒரு நாளைக்கு 8-10 தடவை, அஞ்சு நாளு. காலை மாலை மட்டும் தடவினா பலன் கம்மி. தினமும் புதுசா அரைக்கணும். அடுத்த கறவைக்கு முன்னாடி நல்லாக் கழுவிடுங்க, பால்ல மஞ்சள் தெரிஞ்சா சொசைட்டியில திருப்பிருவாங்க.

ரப்பர் மேட் போட்டிருந்தா வாரம் ஒருக்காத் தூக்கி அடியில கழுவுங்க. சாணியும் மூத்திரமும் அங்கதான் ஊறிக் கிடக்கும்.

கோபி_கால்நடை_மருத்துவர்

கற்றாழை மருந்து ஆரம்ப வீக்கத்துக்கு நல்லாக் கேக்கும், நானும் சொல்றதுண்டு. காய்ச்சல் இருந்தா, மாடு தீவனம் எடுக்கலன்னா, பால் தண்ணியா இல்ல ரத்தமா வந்தா, தடவிட்டு உக்காந்திருக்காதீங்க. கால்நடை அவசர உதவி எண் 1962-க்குக் கூப்பிடுங்க, அன்னைக்கே பாக்கணும்.

பொங்கலூர்_கறவை

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ரெண்டு சந்தேகம். ஊசி போட்ட மாட்டுப் பாலைக் கன்னுக்கு ஊட்டலாமா? ஒரு காம்புல மட்டும் மருந்து ஏத்தினா மத்த மூணு காம்புப் பாலை ஊத்தலாமா? அப்பறம் ஒரு மாடு ஏழு மாசச் சினை, மூணு தடவை ஒரே காம்புல வந்தது. அதை என்ன பண்றது?

கோபி_கால்நடை_மருத்துவர்

மூணு காம்பும் ஊத்தக் கூடாதுங்க. மருந்து ரத்தத்துல கலந்து எல்லாக் காம்புலயும் வரும். மருந்து அட்டையில எத்தனை மணி நேரம் போட்டிருக்கோ, கடைசி டோஸ்ல இருந்து அத்தனை நேரம் தனியாக் கறந்து கொட்டிடுங்க. கிடேரிக் கன்னுக்கும் வேண்டாம்.

ஏழு மாசச் சினைன்னா இப்பவே வத்த வெக்கற (கறவையை நிறுத்தற) நேரம். கன்னு போட 60 நாளாவது மடிக்கு ஓய்வு வேணும். நாள்பட்ட காம்பு குணமாக நல்ல வாய்ப்பும் இந்தக் காலந்தான். அடர்தீவனத்தை நாலஞ்சு நாள் குறைச்சு, கடைசியா ஒரு தடவை சுத்தமாக் கறந்துட்டு, வத்துக்காலத்துக்குன்னே வர்ற மருந்து டியூப் காம்புக்கு ஒண்ணா நாலு. காம்பு நுனியைத் துடைக்கறப்ப தூரத்துக் காம்பு முதல்ல, மருந்து ஏத்தறப்ப பக்கத்துக் காம்பு முதல்ல. அப்பத்தான் துடைச்ச காம்புல கை படாது. டியூப் முனையை முழுசா உள்ள விடாதீங்க, 3-4 மில்லிமீட்டர் போதும். ஏத்தினதும் அயோடின்ல முக்கி விட்டுட்டு, அப்பறம் கறக்கவே கூடாது. முதல் ரெண்டு வாரம் தினம் மடியைப் பாருங்க. நாலும் கொஞ்சம் விம்மித் தானா வடியும். ஒரு பக்கம் மட்டும் சூடா வீங்கினா கூப்பிடுங்க.

கன்னு போட்டு பத்து நாள் கழிச்சு அந்தக் காம்புல மறுபடி சிஎம்டி. அப்பவும் இழுபட்டா அந்த ஒரு காம்பைக் கறவையிலிருந்து நிறுத்திட்டு, மூணு காம்புல கறக்கறதுதான் லாபம். ரெண்டு காம்புக்கு மேல போச்சுன்னா மாட்டைக் கழிச்சுடுங்க. கறவைக்குன்னு கண்ணபுரம் சந்தையில வேற ஒருத்தர் தலையில கட்டாதீங்க, அவரு கட்டுத்தரைக்கும் இது பரவும்.