பவுடர் பழக்கத்துக்கு கேஸா, மருத்துவமா? உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

தொண்ணூறடி ரோடு:
கர்துல்லா என்றால் தாராவியில் யாருக்கும் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பவுடருக்கு, அதாவது பிரவுன் சுகர் என்ற ஹெராயினுக்கு, அடிமையானவன். என் சித்தி மகனும் அப்படி ஆனான். மாகிம் ஸ்டேஷன் பக்கம் ரெண்டு பொட்டலத்தோடு பிடித்தார்கள். மறுநாள் காலை லாக்கப்பில் போய்ப் பார்த்தேன். மே மாதம், புழுக்கத்தில் எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கினான். மூக்கு ஒழுகுது, கொட்டாவி மேல் கொட்டாவி, கையெல்லாம் ரோமம் குத்திட்டு நிற்குது. "அண்ணே, ஒரு போர்வை கொண்டாங்க" என்றான். நடிக்கிறான் என்றார் அங்கே நின்ற காவலர். நானும் நம்பினேன். பவுடர் கிடைக்காததால் வந்த நடுக்கம் அது என்று அப்போது தெரியாது. வெறுங்கையோடு திரும்பி வந்துவிட்டேன். ஒன்பது வருஷம் ஆகிறது, அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் தெரிந்தது: 1985-ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ மாட்டியவர், அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ தானாகச் சிகிச்சைக்குப் போனால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும். வக்கீல்கூட எங்களிடம் சொல்லவில்லை. இவர்களுக்குக் கேஸே வேண்டாம், சிகிச்சைதான் வேண்டும் என்பேன்.

சீத்தா கேம்ப்:
அண்ணே, வருத்தம் புரியுது. ஆனால் கேஸே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். என் அண்ணன் வீட்டு கேஸ் சிலிண்டரையே தூக்கிக்கொண்டு போய் விற்றவன். அம்மா காலில் விழுந்தும் திருந்தவில்லை. கோர்ட் காகிதம் வந்த அன்றைக்குத்தான் போதை சிகிச்சை வார்டு வாசல்வரை என்னோடு வந்தான். அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, உள்ளே போகும்வரை கையால் அழுத்திப் பிடித்திருந்தான். பயம் இல்லையென்றால் வந்திருக்க மாட்டான். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலம் சிறிய அளவு வைத்திருப்பதற்கான ஜெயில் தண்டனையை 2021-இல் நீக்கியது, 2024 செப்டம்பரில் திரும்பக் கொண்டுவந்தது. அதையும் பாருங்கள்.

ஆன்டாப்ஹில் அக்கா:
சீத்தா கேம்ப் தம்பி, ஒரிகனைச் சொன்ன நீங்கள் போர்ச்சுகலை விட்டுவிட்டீர்களே. அங்கே 2001-லிருந்து பத்து நாள் தேவைக்குள் வைத்திருந்தால் சிறை கிடையாது. ஆனால் சும்மாவும் விடுவதில்லை. ஒரு குழு முன்னால் போய் உட்கார வேண்டும், அவர்கள் சிகிச்சைக்கு வழி காட்டுவார்கள். நம் 64ஏ-யிலும் சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கை ரத்து செய்துவிடலாம். உங்கள் அண்ணனுக்குத் தேவைப்பட்ட பயம் அதுவே போதும், லாக்கப் எதற்கு?

என் கதை சின்னது. பக்கத்து வீட்டுப் பையனை ஒரு தனியார் மையத்தில் மூணு மாதம் பூட்டி வைத்தார்கள். மருந்து கிடையாது. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் பாத்ரூமில் தண்ணீர் ரொம்ப நேரம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. கதவை உடைத்தபோது உயிர் இல்லை.

இதைத் தயவுசெய்து எல்லோரும் படியுங்கள். கொஞ்ச நாள் நிறுத்தினால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவையே எடுத்தால் மூச்சே நின்றுபோகலாம். ஜெயிலிலிருந்து வந்தாலும் மையத்திலிருந்து வந்தாலும் முதல் சில வாரம் தனியாக விடாதீர்கள். பவுடர் ஏக்கத்தை அடக்க நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை இருக்கிறது, அரசு மையங்களில் கொடுக்கிறார்கள். ஒரு போதைக்கு இன்னொரு போதை என்று பேசாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவரை அப்படிப் பேசுவோமா? எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446-க்குப் போன் பண்ணுங்கள், காசு கிடையாது.

தொண்ணூறடி ரோடு:
அக்கா, நன்றி. அந்த மாத்திரையில்தான் தம்பி ஆறு வருஷமாக நிற்கிறான். அப்போது குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டோம், சீக்கிரம் முடியட்டும் என்று. போன மாதம் செக்யூரிட்டி வேலை கிடைத்தும், போலீஸ் வெரிஃபிகேஷனில் அந்தப் பழைய கேஸ் வந்து நின்றது. வேலை போச்சு. சீத்தா கேம்ப் தம்பி, உங்கள் அண்ணன் கேஸ் என்ன ஆச்சு? இப்போ வேலைக்குப் போகிறாரா?