பிஜி அறையில் மூட்டைப்பூச்சி, பொங்கலுக்கு ஊருக்குப் போகவே பயமாக இருக்கிறது

மூன்றாவது மாடி:
பெருங்குடியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறேன். மூன்று பேர் ஷேரிங், சாப்பாடு சேர்த்து மாதம் 8,500 ரூபாய். வந்து ஐந்து மாதம் ஆகிறது. மூன்று வாரமாகக் கையிலும் கழுத்திலும் வரிசையாகத் தடிப்பு. முதலில் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன் (போர் தண்ணீர், லாரித் தண்ணீர் எல்லாம் கலந்து வருகிறது, முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது, அது தனிக் கதை). அப்புறம் கொசு என்று நினைத்து லிக்விட் வாங்கி வைத்தேன். போன ஞாயிறு ராத்திரி இரண்டு மணிக்கு அரிப்பு தாங்காமல் எழுந்து போன் டார்ச் அடித்துப் பார்த்தால் தலையணை ஓரமாக ஒன்று நிதானமாக நடந்து போய்க்கொண்டிருக்கிறது. நசுக்கினதும் வந்த வாடையில் புரிந்துவிட்டது.

வார்டன் அக்காவிடம் சொன்னால், "உனக்கு முன்னாடி அந்தக் கட்டிலில் இருந்த பொண்ணு ஒண்ணுமே சொல்லலையே, நீதான் ஊர்ல இருந்து கொண்டு வந்திருப்பே" என்கிறார். காலி செய்வதென்றால் அட்வான்ஸில் மருந்து அடிக்கும் செலவு என்று 2,000 பிடிப்பார்களாம். ரூம்மேட் ஒருத்தி தன்னை ஒன்றும் கடிக்கவில்லை, அதனால் என் கட்டிலில் மட்டும்தான் இருக்கிறது என்று கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டுவிட்டாள். இன்னொருத்தி ஆபீஸில் வாயைத் திறக்காதே என்கிறாள். நானும் திறக்கவில்லை, அவமானமாகத்தான் இருக்கிறது.

பொங்கலுக்கு இன்னும் 12 நாள். வீட்டில் அண்ணிக்கு நான்கு மாதக் கைக்குழந்தை. என் பையோடு அங்கேயும் போய்விட்டால்? கடையில் விற்கும் ஸ்ப்ரே அடித்தால் போதுமா?

மேன்ஷன் சித்தப்பா:
ஏம்மா, இதில் அவமானப்பட என்ன இருக்கிறது. நான் 1994-லிருந்து ஐந்து வருஷம் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் வாசம். அறைக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே மூட்டைப்பூச்சியும் சேர்த்துத்தான் வாடகைக்கு என்று சிரிப்போம். எங்கள் அறையில் ஒருவர் தினம் இரண்டு வேளை குளித்துப் பட்டை போட்டுக்கொண்டு பளிச்சென்று இருப்பார், அவர் கட்டிலில்தான் அதிகம். அதற்கு வேண்டியது அழுக்கு இல்லை, ரத்தமும் ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கும்தான். மாதத்துக்கு ஓர் ஆள் மாறும் கட்டிலில் அது வராமல் இருந்தால்தான் அதிசயம்.

ரூம்மேட் சொல்வதை நம்பாதே. கடித்தாலும் சிலருக்குத் தடிக்கவே தடிக்காது. எங்கள் அறை ஆள் ஒருவர் ஆறு மாதம் அப்படித்தான் மார்தட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் மெத்தையைத் திருப்பினால் தையலோரம் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பேனா மை தெறித்த மாதிரி புள்ளிகள். அது மூட்டைப்பூச்சியின் எச்சம். நாளைக்கே மூன்று மெத்தையையும் திருப்பிப் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்.

வைத்தியம் என்று கேட்டால் எங்களுக்குத் தெரிந்தது கொதிக்கும் தண்ணீர்தான். இரும்புக் கட்டிலை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், மூட்டு, ஓட்டை எல்லாவற்றிலும் வெந்நீர் ஊற்றி வெயிலில் போடுவோம். மூன்று வாரம் நிம்மதி. அப்புறம் பக்கத்து அறையிலிருந்து வந்துவிடும்.

கோவை குமார்:
கட்டில் கால் நாலிலும் மண்ணெண்ணெய் தடவுங்க. இல்லைன்னா நெல் மூட்டைக்குப் போடற மாத்திரை ஒண்ணு வாங்கி அறையில வச்சு ஒரு நாள் பூட்டிட்டுப் போயிடுங்க, சுத்தமா போயிடும்.

மருந்தடிக்கிறவன்:
குமார் அண்ணா, அந்த மாத்திரை விஷயத்தைத் தயவுசெய்து எங்கேயும் எழுதாதீர்கள். அது ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு விடும், மனுஷனையும் சேர்த்துக் கொல்லும், பக்கத்து அறைக்கும் போகும். 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் எலிமருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுப் படுத்து இரண்டு குழந்தைகள் செத்துப்போனது மறந்துவிட்டதா? ஆள் படுக்கிற அறையில் கண்டதையும் வைக்கக் கூடாது. மண்ணெண்ணெயும் வேண்டாம், கொசு லிக்விட் பிளக் பக்கத்தில் இருக்கும் கட்டிலில் அதைத் தடவுவது வீட்டைக் கொளுத்துகிற வேலை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையை நிஜமாக்காதீர்கள்.

தங்கச்சி, ஒன்பது வருஷமாக இதுதான் என் தொழில். கடை ஸ்ப்ரே நேரே பட்ட பூச்சியைக் கொல்லும், அதுவும் எல்லாவற்றையும் இல்லை, பல மருந்துக்கு அது பழகிவிட்டது. முட்டையை ஒன்றும் செய்யாது. நம்ம ஊர் வெக்கையில் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்துவிடும். அதனால்தான் நாங்கள் ஒருமுறை அடித்துவிட்டு 10 முதல் 14 நாளில் திரும்ப வருவோம். ஒரே தடவையில் முடித்துவிடுகிறேன் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்கக் கூடாது. உங்கள் கட்டிலுக்கு மட்டும் அடித்தாலும் வீண்தான். அறை முழுக்க, இரண்டு பக்கத்து அறை, முடிந்தால் மேல் மாடி, கீழ் மாடி. பூச்சி பறக்காது, குதிக்காது. ஆனால் சுவர் வெடிப்பு, பிளக் பாயிண்ட், வயர் போகும் ஓட்டை வழியாக நடந்தே போய்விடும். காலி அறை என்று விட்டாலும் சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

ஊருக்குப் போவதற்கு: சூடுதான் மருந்து. 50 டிகிரிக்கு மேல் நின்று பிடித்தால் முட்டையும் சாகும். கொண்டுபோகிற துணியை மட்டும் வெந்நீரில் துவைத்துக் காயவைத்து, இஸ்திரிக்காரரிடம் கொடுத்து மடிப்பு, தையல் எல்லாம் நன்றாகத் தேய்த்து வாங்குங்கள். வாங்கினதை அறைக்கே கொண்டுவராமல் ஆபீஸ் லாக்கரில் வையுங்கள். கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றால் புது பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள். பழைய பையைத் தொடாதீர்கள், ஜிப் ஓரம்தான் அதற்குப் பிடித்த இடம். இரவல் பையோ துணிக்கடைப் பையோ போதும்.

இன்னொன்று, இது கடித்து நோய் பரவியதாகத் தெரியவில்லை. அரிப்பும் தூக்கமும்தான் பிரச்சினை. குழந்தையைப் பற்றி அந்த அளவுக்குப் பதற வேண்டாம்.

துவாஸ் துரை:
சிங்கப்பூரில் டார்மிட்டரியில் இருந்தவன். ஓர் அறையில் 16 பேர், இரட்டை அடுக்குக் கட்டில். மேல் கட்டில்காரர் மருந்து அடித்தால் கீழ் கட்டிலுக்கு இறங்கும், கீழே அடித்தால் மேலே ஏறும், இதற்காகவே சண்டை நடக்கும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 16 பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, எல்லாப் பெட்டியையும் வெளியே எடுத்து, ஒரே நாளில் செய்தோம். அதற்கப்புறம்தான் தூங்கினோம். இப்போது அங்கே புதிதாகக் கட்டும் விடுதியில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று 2021-ல் விதி வந்துவிட்டது, கொரோனா வந்துதான் அதுவும் நடந்தது.

சொல்ல வந்தது என்னவென்றால், அந்தக் கட்டிலைத் தள்ளிப்போட்ட பெண்ணிடம் கோபப்படாமல் பேசுங்கள். அவள் சேராமல் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

ரசீது அக்கா:
பணத்துக்கு நான் சொல்கிறேன். வாயால் பேசாதே, வாட்ஸ்அப்பில் எழுது. "இந்தத் தேதியில் பூச்சி பார்த்தேன், படம் இது, மாடி முழுக்க மருந்து அடித்துத் தாருங்கள்" என்று நாலு வரி போதும். உனக்கு முன்னால் இருந்த பெண்ணின் நம்பர் சமையல்கார அம்மாவிடமே இருக்கும், கேட்டுப் பார், அவள் ஏன் காலி செய்தாள் என்று தெரியும். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிக்கு 2014-லேயே தனிச் சட்டம் இருக்கிறது, மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். உரிமத்தின் நகலை ஒரு தடவை காட்டுங்கள் என்று சிரித்துக்கொண்டே கேள். நான் கேட்ட இடத்தில் அன்றைக்குச் சாயங்காலமே அட்வான்ஸ் முழுசாக வந்தது. வேறு இடம் பார்ப்பதானால் அரசின் தோழி விடுதி தாம்பரம், கூடுவாஞ்சேரியில் இருக்கிறது. பெருங்குடிக்கு தினம் அலைய வேண்டும், ஆனாலும் ஒரு நடை போய்ப் பார்.

மூன்றாவது மாடி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மெத்தைகளைத் திருப்பினோம். கடிக்கவே இல்லை என்றவளின் மெத்தையில்தான் அதிகப் புள்ளி, பாவம், உட்கார்ந்து அழுதுவிட்டாள். முன்னால் இருந்த பெண்ணையும் பிடித்துவிட்டேன், அவள் ஜூனிலேயே வார்டனிடம் சொல்லி இரண்டு தடவை மெசேஜும் அனுப்பியிருக்கிறாள். அந்த ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே ஓனருக்கு அனுப்பினேன். சனிக்கிழமை மூன்றாவது மாடி முழுக்க ஆள் வருகிறாராம், இரண்டாவது தடவை எப்போது என்று தேதி கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. அட்வான்ஸ் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை.

அண்ணியிடம் போனில் சொல்லிவிட்டேன். பையை மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டு, குளித்துவிட்டு உள்ளே வா என்றாள்.