ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) லிமிட் தாண்டி கிரெடிட் ஸ்கோரில் அடிவாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நீலவானம்:
வீட்டுக் கடனுக்குப் போயிருந்தேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வங்கி அதிகாரி என் கிரெடிட் ரிப்போர்ட் இருந்த கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, பேனா மூடியால் ஒரு கட்டத்தைத் தட்டினார். மாதத்துக்கு ஒரு கட்டம். வரிசையாக 000, 000, 000. நடுவில் ஒன்றில் மட்டும் 034. "இது என்ன சார்?" என்றார். எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஸ்டேட்மென்டைத் துழாவிய பிறகுதான் விளங்கியது. எனக்கு ஓ.டி. கணக்கு உண்டு, இருப்பு இல்லாவிட்டாலும் ஒரு லிமிட் வரை எடுக்கலாம். அந்த லிமிட்டை ஒட்டி எடுத்து வைத்திருந்தேன். மாதக் கடைசியில் வட்டியை அதே கணக்கில் பற்று வைத்தார்கள். அந்த வட்டியே என்னை லிமிட்டுக்கு மேலே தள்ளிவிட்டது. அற்பத் தொகை. 34 நாள் அந்தக் கணக்கை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, 034 என்பது அந்தத் தாமத நாள்தான். கடன் கிடைத்தது, ஆனால் வட்டி கால் சதவீதம் கூடுதல். உங்களில் யாருக்காவது இப்படி?

மூணாவது டோக்கன்:
நானும் மூன்று தடவை தாண்டியிருக்கிறேன். ரெண்டு நாளில் பணத்தைப் போட்டுவிட்டேன், ஸ்கோர் அசையவே இல்லை. ஓ.டி.க்கும் ஸ்கோருக்கும் சம்பந்தமே கிடையாது. பழைய கார்டு பாக்கி ஏதாவது இருக்கும், தேடிப் பாருங்கள்.

ஸ்டாக் புக்:
சம்பந்தம் இல்லையா? தொழிலுக்காக, சரக்கை ஈடு காட்டி வாங்கிய ஓ.டி. என்னுடையது. ஆடிட்டரைக் காரணம் சொல்லி ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (சரக்கு இருப்புக் கணக்கு) கொடுக்காமல் இழுத்தடித்தேன். வங்கி டிராயிங் பவரை, அதாவது சரக்கைப் பொறுத்து நான் எடுக்கக்கூடிய தொகையை, குறைத்துவிட்டது. ஒரு காசு கூடுதலாக எடுக்காமலே நான் லிமிட் தாண்டியவன் ஆகிவிட்டேன்! அதோடு போனதா? ஒருநாள் ராத்திரி மச்சான் போன். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். "மாப்ளே, கார் லோன் கேட்டா என் ரிப்போர்ட்ல உன் கணக்கு நிக்குது. நான் என்ன பாவம் பண்ணேன்?"

இப்போது என் ஸ்கோர் தேறிவிட்டது. மச்சான்தான் விசேஷ வீடுகளில் என் பக்கத்தில் உட்காருவதில்லை.

கணக்கன்:
எனக்கும் நடந்தது, 5 நாள், அதோடு சரி. மூணாவது டோக்கன் சொல்வது அரை உண்மை. ரெண்டே நாளில் கட்டியதால் தப்பித்தார், அவ்வளவுதான். வங்கிகளுக்கான பாசெல் என்ற சர்வதேச விதிகளில் ஓவர்டிராஃப்டைப் பற்றித் தனியாகவே சொல்லியிருக்கிறது: சொன்ன லிமிட்டைத் தாண்டினாலே அது கெடு தவறிய கடன். இந்தியாவில் 30 நாளுக்கு மேல் தொடர்ந்து லிமிட்டுக்கு மேலே நின்றால் எஸ்.எம்.ஏ. 1 என்ற எச்சரிக்கை வகை, 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல், அனுமதி இல்லாத ஓவர்டிராஃப்டுக்கு அனுமதித்ததைவிட அதிகக் கட்டணம் போட முடியாது. ஆனால் டிஃபால்ட் (கட்டத் தவறியவர்) என்று பதிவானால் 6 வருஷம் ரிப்போர்ட்டில் கிடக்கும். அமெரிக்காவில் சாதாரணக் கணக்கு மைனஸில் போவது பொதுவாக ரிப்போர்ட்டுக்கு வராது, வசூல் ஏஜென்சி கைக்குப் போனால் வரும்.

ஆகவே லிமிட்டில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள், மாதக் கடைசி வட்டி உட்கார இடம் வேண்டாமா? தாண்டத்தான் போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே மேனேஜரிடம் தற்காலிகமாக லிமிட்டைக் கூட்டிக் கேளுங்கள். அப்புறம், உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. இதற்குப் பயந்தே பலர் பார்ப்பதில்லை. ஜாமீன் போட்டவர்களும் பாருங்கள். தப்பாகப் பதிவாகியிருந்தால் எழுத்துமூலம் கேளுங்கள், போனில் பேசிப் பயனில்லை.

மூணாவது டோக்கன்:
பாசெல் எல்லாம் வங்கிக்கு சார், நமக்கில்லை.

நீலவானம்:
கணக்கன் சார், நன்றி. நான் கேட்டது அனுபவம்தான். ஸ்கோர்கூட எனக்கு இப்போது பெரிதில்லை. அந்த 034-ஐப் பார்த்துவிட்டு அதிகாரி குரலைத் தாழ்த்தி, "அந்த மாசம் வீட்டுல ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வங்கி அனுப்பிய 4 எஸ்எம்எஸ்ஸும் படிக்காமல் போனில் கிடந்தன.