இடுக்கியைத் திறந்தேன், விழவில்லை

பீன்யா இரவு ஷிப்ட்:
பெங்களூரில் பிப்ரவரி மாதம். இயந்திரத்துக்குத் துணுக்குகளை ஊட்டும் ஃபீடர் சிக்கிக்கொண்டது, கடைசி மூன்று சர்க்யூட் போர்டுகளுக்குக் கையால் வைக்கச் சொன்னார்கள். 0201 என்ற அளவிலான கெப்பாசிட்டர் துணுக்கு: 0.6 மி.மீ. நீளம், 0.3 மி.மீ. அகலம். நுண்ணோக்கியில் பார்த்து, இடத்தில் வைத்து, இடுக்கியைத் திறந்தேன். விழவில்லை. ஒரு முனையில் ஒட்டிக்கொண்டு நின்றது. தட்டினேன், மறு முனைக்குத் தாவியது. மூச்சு விட்டேன், காணவில்லை. கைவிட்டால் எதுவும் கீழே விழும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அந்த நொடி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஓசூர் ரோடு:
நீளம் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஒட்டும் விசை அந்த வேகத்தில் குறையாது. அதனால்தான் துணுக்கு வைக்கும் இயந்திரத்தின் உறிஞ்சுமுனையான நாசிலும் உறிஞ்சி எடுத்ததை விடும்போது லேசாக ஊதித் தள்ளுகிறது. நான் பார்த்தது இதற்கு நேர்மாறு. கோணலாக உட்கார்ந்த ரெசிஸ்டருக்கு வெப்பக்காற்று காட்டிக்கொண்டிருந்தேன். ஈயமற்ற சால்டர் (பற்றாசு) 217 டிகிரி செல்சியஸைத் தாண்டி உருகிப் பளபளத்ததும், யாரும் தொடாமலே அது மெல்லத் திரும்பி நேராகப் படுத்தது. உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை செய்த வேலை. அன்று பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

எலக்ட்ரானிக் சிட்டி:
ஓசூர் ரோடு நண்பரே, அதை நம்பி யாரும் கோணலாக வைத்துவிட வேண்டாம். ஒரு பக்கம் முந்தி உருகினால் அதே இழுப்பு துணுக்கைச் செங்குத்தாக நிமிர்த்திவிடும். ஒரே போர்டில் ஏழு நிமிர்ந்து நின்றதைப் பார்த்தவன் நான். துணுக்கின் முனைகள் உட்காரும் இரண்டு செம்புப் பேடுகளும் ஒரே அளவா, ஒன்று மட்டும் அகன்ற செம்புப் பரப்போடு சேர்ந்து சூட்டை இழக்கிறதா என்று முதலில் பாருங்கள். சால்டர் பேஸ்ட் இருபுறமும் சமமாக விழுந்ததா என்பதையும் பாருங்கள். பீன்யா நண்பருக்கு: இடுக்கி முனையில் சால்டரோடு வரும் ஃபிளக்ஸின் பிசுபிசுப்பு இருந்தாலும் ஒட்டும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். நிலைமின்னும் ஒட்டவைக்கும்; மணிக்கட்டில் கட்டும் தரையிணைப்புப் பட்டை உங்கள் உடம்பின் மின்னேற்றத்தை மட்டுமே இறக்கும். துணுக்குகள் அடுக்கி வரும் டேப்பின் மேல்பட்டையை உரிக்கும்போது பிளாஸ்டிக்கில் ஏறும் மின்னேற்றத்தைப் போக்க, அயனிகளை ஊதும் அயனி விசிறி வேண்டும். இங்கே பிப்ரவரி, மார்ச்சில் காற்று வறண்டு மின்னேற்றம் கூடும், ஈரப்பத மானியைக் கவனியுங்கள்.

பீன்யா இரவு ஷிப்ட்:
பட்டை கட்டியிருந்தேன், இடுக்கியையும் துடைத்திருந்தேன். மேல்பட்டை என்றதும்தான் இதைச் சொல்லத் தோன்றியது. மறுநாள் மேசையைத் துடைக்கும்போது அந்தக் கெப்பாசிட்டர் கிடைத்தது. நான் உரித்துப் போட்டிருந்த மேல்பட்டைச் சுருளின் அடிப்புறத்தில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.